ரெண்டு நாள் ஊறட்டும்!

செம்பாக்கத்தில் எங்கள் தெருத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள, குடித்துப் பார்க்க வேண்டியதில்லை. வாளியைப் பார்த்தாலே போதும். அடியில் வெள்ளையாக உப்பு, விளிம்பில் மஞ்சளாகத் துரு!

ஒருநாள் காலை எங்கள் கிணற்று மோட்டார் 'உர்ர்ர்...' என்று முனகிவிட்டு நின்றுபோனது. மெக்கானிக் வந்தார். பிரிக்க வேண்டியது நாலு போல்ட்டு. மூன்று சமர்த்தாக வந்துவிட்டன. நாலாவது... அசையவே இல்லை.

''அண்ணே, ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி, நல்லா ஒரு அமுக்கு அமுக்குங்களேன்'' என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ''அமுக்கலாம் சார். போல்ட்டு தலை மட்டும் கையோட வந்துடும். உடம்பு உள்ளேயே நின்னுக்கும். அப்புறம் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். டீசல் ஊத்தி வெச்சிருக்கேன். ரெண்டு நாள் ஊறட்டும்.''

ரெண்டு நாள் தண்ணீர் இல்லாமல் வீட்டில் என் நிலைமை என்ன ஆனது என்பது சரித்திரத்துக்குத் தேவையில்லாத விஷயம். ஆனால், கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குப் பிள்ளையார் சுழி. அவர் முன்பு காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவராம். ''2004 சுனாமியில முழுகின எஞ்சினை எல்லாம் இப்படித்தான் சார் பிரிச்சோம். உள்ளே பூரா உப்புத் தண்ணி, மண்ணு. அவசரப்பட்டு அடிச்சவன் எஞ்சினை உடைச்சான். பொறுத்தவன் ஓட்டினான்.''

மூன்றாம் நாள் போல்ட்டு கழன்றது. எப்படித் தெரியுமா? அவர் முதலில் அதைக் கழற்றவே இல்லை. ஒரு மயிரிழை அளவு இறுக்கினார்! பிறகு கொஞ்சம் தளர்த்தினார். மறுபடி இறுக்கல், மறுபடி தளர்த்தல்... கடைசியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இப்போது ஒரு கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு மோட்டார் அல்ல, ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு கப்பல் எஞ்சின். கிணற்றடியில் சில வருஷம் அல்ல, கடலுக்கு அடியில் 112 வருஷத்துக்கும் மேல்! அதன் ஒவ்வொரு போல்ட்டையும், ஒவ்வொரு வால்வையும் உடைக்காமல் கழற்ற வேண்டும் என்றால்? 'ரெண்டு நாள்' எவ்வளவு காலமாக நீளும்?

இருபத்தொரு வருஷம். நிஜமாகவே நடந்தது இது. நம்முடைய இந்துமகா சமுத்திரத்தின் இன்னொரு கரையில்.

* * *

கப்பலின் பெயர் ஸாந்தோ. 1848-ல் ஸ்காட்லாந்தில், டம்பார்ட்டன் என்ற ஊரில் டென்னி சகோதரர்கள் கட்டிய இரும்புக் கப்பல். இரு பக்கமும் பெரிய சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரகம். கரையோரமாகப் பயணிகளை ஏற்றி இறக்கி, பிறகு உல்லாசப் பயணம் போகிறவர்களைச் சுமந்து, 23 வருஷம் உழைத்துக் களைத்துவிட்டது. 1871-ல் அது வந்து சேர்ந்த இடம், கிளாஸ்கோ நகரத்துப் பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் கை.

சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும். வியாபாரியோ வேறு கணக்குப் போட்டார். சக்கரங்களையும் பழைய எஞ்சினையும் கழற்றி எறிந்துவிட்டு, கடற்படைப் பீரங்கிப் படகுகளுக்காக வடிவமைக்கப்பட்ட ஒரு எஞ்சினைப் பொருத்தினார். அதுவும் புதுசு அல்ல, 1861-ல் செய்தது. வயதான உடம்பில் இன்னொருவரின் இதயம்! பெயின்ட் அடித்து விலைக்கு நிறுத்தியபோது அதை வாங்க ஓர் ஆசாமியும் வந்து சேர்ந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவில் முத்துச்சிப்பி வியாபாரம் செய்துகொண்டிருந்த சார்ல்ஸ் எட்வர்ட் பிராட்ஹர்ஸ்ட்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லண்டனை அடுத்த கிரீனிச்சில் ஜான் பென் என்பவரின் பட்டறையில் உருவானது அது. சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டன், அதற்கொரு தண்டு, அந்தத் தண்டின் நுனியில் இன்னொரு தண்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். பென் என்ன செய்தார்? பிஸ்டனின் நடுவிலேயே ஒரு குழாயைப் பொருத்தி, தண்டை அந்தக் குழாய்க்குள்ளேயே ஆட விட்டார். எஞ்சின் குட்டையாகிவிட்டது. படுக்க வைத்தால் கப்பலின் நீர்மட்டத்துக்குக் கீழே அடங்கிவிடும். எதிரியின் குண்டு அதைத் தொட முடியாது!

கிரிமியப் போர் (1853-56) மூண்டபோது பிரிட்டிஷ் கடற்படைக்கு இப்படிப்பட்ட எஞ்சின்கள் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டன. ஒரே பட்டறையில் செய்து மாளாது. பென், மாதிரிக்கு எஞ்சினைப் பிரித்து, பாகங்களைப் பல ஊர்ப் பட்டறைகளுக்கு அனுப்பி, 'அச்சு அசலாக இதே மாதிரி செய்து அனுப்புங்கள்' என்றார். தொண்ணூறு நாளில் தொண்ணூறு எஞ்சின் தயாரானதாகச் சொல்வார்கள். ஒரு ஊரில் செய்த போல்ட்டு, இன்னொரு ஊரில் செய்த நட்டுக்குள் கச்சிதமாகப் போனது எப்படி? அதற்குக் காரணம் இன்னொரு இங்கிலீஷ்காரர், ஜோசஃப் விட்வொர்த். 1841-ல் அவர், 'மரையின் கோணம் 55 டிகிரி, இந்த அளவு போல்ட்டுக்கு இஞ்சுக்கு இத்தனை மரை' என்று ஒரு பொது அளவை முன்வைத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை! நம் ஊர்ப் பழைய ஹார்டுவேர் கடைகளில் 'அரை இஞ்சு விட்வொர்த்' என்று கேட்டிருப்பீர்களே... அதே விட்வொர்த்தான்.

ஆக, ஸாந்தோவுக்குள் இருந்தது வெறும் ஓட்டை எஞ்சின் அல்ல. கப்பல் எஞ்சின்களைப் பெருமளவில் ஒரே மாதிரி செய்யத் தொடங்கிய காலத்தின் ஒரு சாட்சி. அந்த ரகத்தில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பதாகத் தெரிவது இது ஒன்றுதான்.

* * *

பிராட்ஹர்ஸ்ட் கப்பலைக் கிழக்கே கொண்டுவந்தார். வழியில், டச்சுக்காரர்களின் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) மலாய்க்காரத் தொழிலாளர்கள் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. எதற்கு? முக்குளித்துச் சிப்பி எடுக்க. நம் மன்னார் வளைகுடாவில் தேடியது முத்தை. அங்கே முக்கியமாகத் தேடியது சிப்பி ஓட்டை. ஐரோப்பியக் கனவான்களின் சட்டைப் பித்தான்களுக்கு! அந்தக் கரையின் ஆதிக்குடிகளும், மலாய்க்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பித்தான் மாட்டியவர்களுக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது.

1872 நவம்பர். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கப்பலில், கேப்டனின் பேச்சையும் மீறி, போர்ட் கிரிகரியில் ஈயத் தாதுவை அளவுக்கு மேல் ஏற்றச் செய்தார் பிராட்ஹர்ஸ்ட். கடலுக்குள் போனதும் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. அவசரமாகத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மணல் திட்டில் ஒரு முட்டு. உள்ளே நின்ற தண்ணீர் தடுப்புகளை எல்லாம் பிய்த்துக்கொண்டு போய் பாய்லர் நெருப்பை அணைத்தது. நெருப்பு அணைந்தால் நீராவி இல்லை, நீராவி இல்லாமல் பம்பு இல்லை. கரையிலிருந்து சுமார் நூறு மீட்டரில், ஐந்து மீட்டர் ஆழத்தில் ஸாந்தோ உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு, சரித்திரம் அதை மறந்தேபோனது.

1979-ல் ஆர்வமுள்ள தன்னார்வ முக்குளிப்பாளர்கள் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மைக் மெக்கார்த்தி என்ற கடல் அகழ்வாய்வாளரின் குழு இறங்கிப் பார்த்தபோது எஞ்சின் அப்படியே நின்றுகொண்டிருந்தது. சுண்ணாம்பும் துருவும் சிப்பியும் சேர்ந்து பாறை மாதிரி மூடியிருந்தன.

சரி, சங்கிலியைக் கட்டித் தூக்க வேண்டியதுதானே? அங்கேதான் நம் செம்பாக்கம் மெக்கானிக்கின் புத்தி அவர்களுக்கும் இருந்தது. அமுக்கவில்லை!

முதலில் 1983-ல் இயன் மெக்லவுட் என்ற வேதியியல் நிபுணர் கடலுக்கடியில் போய், இரும்பு எந்த வேகத்தில் அரிக்கிறது என்று மின்சாரக் கருவி வைத்து அளந்தார். அடுத்து, எஞ்சின்மேல் வேறு உலோகக் கட்டிகளை மின்தொடர்போடு மாட்டிவைத்தார்கள். கடல்நீரில் இரண்டு உலோகம் சேர்ந்திருந்தால் ஒன்று அரிபட்டு மற்றதைக் காப்பாற்றும். தியாகி உலோகம்! 1824-லேயே ஹம்ஃப்ரி டேவி இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் இருப்பது இதற்காகத்தான். ஆக, தூக்குவதற்கு முன்பே, கடலுக்குள்ளேயே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது.

1985 ஏப்ரலில் எஞ்சின் வெளியே வந்தது.

* * *

வெளியே வந்ததும் வெயிலில் காயவைத்துத் துடைத்துவிடலாம் என்று நினைத்தால், அங்கேதான் ஆபத்து.

துருவின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கடலோர வீடுகளில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, தூணையே வெடிக்கவைக்கிறது அல்லவா? போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சூண்டு இடைவெளியில் அதே துரு வீங்கினால் போக இடம் ஏது? ஆப்பு அடித்தமாதிரி பூட்டிக்கொள்ளும். 'ஜாம் ஆயிடுச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான்.

வார்ப்பிரும்பு இன்னும் மோசம். கடலில் அதன் இரும்பு மட்டும் மெல்ல மெல்லக் கரைந்து போய்விட, உள்ளே இருக்கும் கரி (பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்த கிராஃபைட்) அதே உருவத்தில் நிற்கும். பார்த்தால் எஞ்சின். பேனாக் கத்தியால் கீறினால் சீவல் வரும்! ஒரு சுத்தியல் அடி போதும்... எல்லாம் பொடி.

போதாக்குறைக்கு, உலோகத்தின் நுண்துளைகளுக்குள் கடலின் குளோரைடு உப்பு ஊறிப்போயிருக்கும். காற்றில் காய்ந்ததும் அது வேலையைக் காட்டும். உலோகம் செதில் செதிலாக உரிந்து விழும். நூறு வருஷம் கடல் செய்யாததைக் காற்று சில மாதங்களில் செய்துவிடும்.

இந்த உப்புப் பிசாசை ஓட்ட ஃப்ரீமான்டில் நகரத்து ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினைக் காஸ்டிக் சோடா கரைசலில் முழுக்கி, மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். எஞ்சினை எதிர்மின் முனையில் இணைத்தால், குளோரைடு உலோகத்தை விட்டு விலகி வெளியேறும். உலோகத்தின் மேல் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் மேலே ஒட்டியிருக்கும் ஓட்டை உள்ளிருந்தே நெம்பித் தளர்த்தும்.

'அடேயப்பா, என்ன இருந்தாலும் வெளிநாட்டுக்காரன்!' என்று பெருமூச்சு விடாதீர்கள். எழும்பூருக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். நம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கிவிட்டார்கள். அதன் முதல் வேதியியலாளர் எஸ்.பரமசிவன். மண்ணுக்குள் புதைந்து கிடந்து வந்த நம் வெண்கலச் சிலைகளை, பச்சைப் பொடியாக ஒரு நோய் தின்றுகொண்டிருந்தது. காரணம், அதே குளோரைடு! பரமசிவன் அந்தச் சிலைகளை மின்சார முறையில்தான் குணப்படுத்தினார். சுரண்டினால் சிலையின் முகமே போய்விடும். மின்சாரம் சுரண்டாது. இறுகிப்போன ஓட்டை மெதுவாகக் கழற்றிவிடும். ஆஸ்திரேலியாவில் எஞ்சின் தொட்டிக்குள் இறங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், நம் ஊரில் சாமி சிலைகள் தொட்டிக்குள் இறங்கிவிட்டன!

* * *

உப்பு வெளியேறினால் மட்டும் போதாது. பிரிக்க வேண்டுமே! அந்தப் பொறுப்பு முக்கியமாக விழுந்தது ஜான் கார்ப்பென்டர் என்ற பாதுகாப்பு நிபுணரின் தலையில். பெயர்தான் கார்ப்பென்டர், பார்த்தது கருமான் வேலை!

இந்த மாதிரி வேலையின் உத்திகளை நம் மெக்கானிக்கிடம் சொன்னால், 'இது எனக்கே தெரியுமே' என்பார். நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து போல்ட்டைவிட்டு விலகும். எண்ணெய் ஊறவிட்டால் முடி அளவு இடுக்கிலும் தானாக ஏறிப் போகும். முதலில் இறுக்கி, பிறகு தளர்த்தினால் துருவின் பிடி துளித்துளியாக உடையும். கேட்காத இடத்தில், மெத்தென்ற பலகை வைத்துத் தட்டலாம்.

ஒரே ஒரு வித்தியாசம். எதுவும் பலிக்காதபோது நம் மெக்கானிக்கிடம் கடைசியாக ஒரு அஸ்திரம் உண்டு. போல்ட்டை அறுத்து எறிந்துவிட்டு, கடையில் புதுசு வாங்கிப் போட்டுவிடுவார். தப்பே இல்லை. அவருக்கு எஞ்சின் ஓட வேண்டும், படகு கடலுக்குப் போக வேண்டும், ஒரு குடும்பத்துக்கு அடுப்பு எரிய வேண்டும். கார்ப்பென்டருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு அந்தப் பழைய போல்ட்டே முக்கியம். அதன் மரை விட்வொர்த் அளவா, வேறு அளவா? யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்களா? ஸ்பேனர் பட்ட தழும்பு எந்தப் பக்கம்? அறுத்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு உலகத்தில் வேறு எங்கும் பதில் கிடையாது.

அதனால் வருஷக்கணக்கில் ஊறல், வருஷக்கணக்கில் பிரித்தல். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிச் சிகிச்சை, பிறகு மறுபடி கோத்தல். எஞ்சின் கரையேறிய வருஷம் பிறந்த குழந்தைக்கு ஓட்டுரிமையே வந்துவிட்டது. 2006-ல் ஒருவழியாக எஞ்சினைக் கையால் சுற்றினார்கள். 1872-க்குப் பிறகு முதல்முறையாக அது சுழன்றது!

* * *

''ஏன் சார், ஓடாத ஒரு எஞ்சினைச் சுற்றிப் பார்க்க 21 வருஷமா?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எஞ்சின் என்ன சொன்னது என்று கேளுங்கள்.

அது கண்டென்ஸர் இல்லாத ரகம். அதாவது, வேலை செய்து முடித்த நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் ஏற்பாடு கிடையாது. 'புஸ்' என்று காற்றில் விட்டுவிடும். அப்படியானால் பாய்லருக்கு நல்ல தண்ணீர் ஓயாமல் வேண்டும். இங்கிலாந்தில் கவலை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் அந்தக் கரையிலோ குடிக்கவே தண்ணீர் பஞ்சம்! களைத்த உடம்பு, பொருந்தாத எஞ்சின், தண்ணீர் இல்லாத கரை, அதற்கு மேல் அளவுக்கு மீறிய சுமை. துணிச்சலான தொழிலதிபர் ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று மட்டும் இதைப் படித்துவிட்டுப் போக முடியாது. அந்தத் துணிச்சலின் அபாயத்தை அவரோடு சேர்ந்து சுமந்தவர்கள் யார்? நெருப்பறையில் நின்றவர்கள், மூச்சடக்கி முக்குளித்தவர்கள். கணக்குப் புத்தகம் அவர்களைக் கூலி என்று ஒரு வரியில் எழுதி முடித்தது.

அவர்கள் எதையும் விட்டுச் செல்லவில்லையா? ஒரு அதிசயம் சொல்கிறேன். கடலிலிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, வறண்ட நிலத்தில் வால்கா பாறை என்று ஒன்று இருக்கிறது. ஆதிக்குடிகளின் பழைய ஓவியங்களுக்கு நடுவே, அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு கப்பல்! பாய்மரம், அதோடு நடுவில் ஒரு புகைபோக்கி. ரொம்ப நாள் அதை டச்சுக் கப்பல் என்றார்கள். புகைபோக்கியை வைத்துப் பார்த்தால் அது ஸாந்தோவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலே தெரியாத இடத்தில், அந்தக் கப்பலை யாரோ ஒருவர் நினைவில் சுமந்துபோய் வரைந்திருக்கிறார். எஞ்சினும் ஓவியமும் சேர்ந்தால்தான் கதை முழுசாகிறது.

இதை எல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் ஏக்கம் வந்தது. 1907-ல் தூத்துக்குடிக்கு வந்ததே வ.உ.சி-யின் காலியா... அதன் எஞ்சின் நம் கையில் இருந்தால், ஒரு ஒற்றை வால்வாவது இருந்தால், எத்தனை சொல்லியிருக்கும்! யார் எண்ணெய் விட்டார்கள், எதை எதை மாற்றினார்கள், எப்படிப் பாடுபட்டு ஓட்டினார்கள் என்று. காகிதத்தில் கப்பலின் பெயர் இருக்கிறது. இரும்பு சொல்லக்கூடியதைக் காகிதம் சொல்லாது.

அடுத்த முறை வீட்டில் ஏதாவது பழைய சாமான் இறுகிப்போய்க் கிடந்தால் - தாத்தாவின் தையல் மெஷினோ, பாட்டியின் அலமாரிப் பூட்டோ - சுத்தியலைத் தேடாதீர்கள். நாலு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வந்து ஒரு காபி சாப்பிடுங்கள்.

எங்கள் வீட்டு மோட்டார் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாலாவது போல்ட்டை மெக்கானிக் தூக்கிப் போடப் போனார். வாங்கி வைத்துக்கொண்டேன். மேஜைமேல்தான் இருக்கிறது... நல்ல கனம்!